நான்கும் சிவப்பாக இருந்தால் தவறா?

கேள்வி: ஜெர்மனியில் டோர்ட்மண்ட் பக்கம் குடியிருக்கிறோம். பக்கத்து வீட்டு அம்மா நான்கு சிவப்பு மெழுகுதிரி வைத்த பச்சை வளையம் ஒன்று கொடுத்தார். நாங்கள் போகும் கத்தோலிக்கக் கோவிலிலோ மூன்று ஊதா, ஒன்று ரோஸ். எது சரி? எதை முதலில் ஏற்றுவது? கதவில் மாட்டலாமா? எப்போது எடுக்க வேண்டும்?

பதில்: சிவப்பையே தாராளமாக ஏற்றுங்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் கொண்ட திருவருகைக் காலத்துக்கான (அட்வென்ட்) வளையம் இது. பிறந்ததே கிறிஸ்துமஸுக்கு நாள் எண்ணுவதற்குத்தான். ஊதாவும் ரோஸும் பிறகு வந்து சேர்ந்தவை.

ஹாம்பர்க்கில் யோஹான் ஹின்ரிஷ் விஹெர்ன் என்ற லூத்தரன் இறையியலாளர், ஆதரவற்ற பிள்ளைகளுக்காக 1833-இல் ஓர் இல்லம் தொடங்கினார். பெயர் ரௌஹெஸ் ஹவுஸ். டிசம்பர் பிறந்தால் போதும், கிறிஸ்துமஸ் எப்போது, எப்போது என்று பையன்கள் துளைத்தெடுப்பார்களாம். 1839-இல் அவர் ஒரு மரச்சக்கரத்தில் மெழுகுதிரிகளை நிறுத்தினார்: ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளைத் திரி 4, மற்ற நாள்களுக்குச் சின்னச் சிவப்புத் திரி 20. தினமும் ஒன்று கூடுதலாக எரியும். இருட்டில் மிச்சம் நிற்கும் திரிகளை எண்ணினால் பையனுக்கு விடை கிடைத்துவிடும். சுற்றிலும் பச்சைக் கிளை கட்டும் வழக்கம் அப்புறம்தான் வந்தது. வீட்டு மேசையில் இத்தனை திரிக்கு இடம் ஏது? ஞாயிறுத் திரிகள் நான்கு மட்டும் தங்கின.

இது புராட்டஸ்டன்ட் வழக்கமாகத்தான் பல காலம் இருந்தது. 1925-இல் கொலோன் நகரத்துக் கத்தோலிக்கக் கோவில் ஒன்றில் இப்படி ஒரு வளையம் தொங்கியதாகச் சொல்வார்கள். உங்கள் கோவிலில் பார்க்கும் ஊதா, திருவருகைக் காலத்தில் குருவானவர் அணியும் உடையின் நிறம். மூன்றாம் ஞாயிறு மட்டும் மகிழ்ச்சி ஞாயிறு. அன்று ரோஸ் உடை அணியலாம், ரோஸ் திரியை முதன்முதலில் ஏற்றுவதும் அன்றுதான். ஜெர்மன் வீடுகளில் பெரும்பாலும் நான்கும் ஒரே நிறம், அதிலும் சிவப்புதான் அதிகம். உங்கள் பக்கத்து வீட்டு அம்மா கொடுத்தது அந்த ஊர் வழக்கப்படியே சரி.

திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும். அன்று ஒரு திரி. அந்த வாரம் முழுக்க அதே ஒன்றை மட்டும் ஏற்றுங்கள். அடுத்த ஞாயிறு பழையதோடு இன்னொன்று, இப்படியே நான்கு வரை. வலமா இடமா என்று சட்டம் எதுவும் இல்லை. நான்காம் வாரம் வரும்போது முதல் திரி குட்டையாகவும் கடைசித் திரி புதிதாகவும் படிக்கட்டு போல நிற்கும். அழகுக்காக எல்லாவற்றையும் சம உயரத்துக்கு மாற்றுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தப் படிக்கட்டுதான் பிடிக்கும்.

ஆனால் அந்தக் குட்டைத் திரியில்தான் ஆபத்தும் இருக்கிறது. வீட்டு ஹீட்டர் சூட்டில் நான்கு வாரம் காய்ந்த ஊசியிலை பொறி பட்டாலே குப்பென்று பிடித்துக்கொள்ளும். திரி இரண்டு விரல் உயரத்துக்கு இறங்கியதும் புதியது மாற்றிவிடுங்கள். அடியில் உலோகத் தட்டுள்ள தாங்கி இருக்க வேண்டும். வெறும் கிளையில் திரியைச் செருகக் கூடாது. ஹீட்டர் பக்கம், திரைச்சீலை பக்கம் வேண்டாம். ஆளில்லாத அறையில் எரிய விடவே கூடாது. வளையத்தை இலேசாக வளைத்துப் பாருங்கள், இலை பொலபொலவென்று உதிர்ந்தால் அதில் இனி நெருப்பு வேண்டாம். சின்னப் பிள்ளைகள் இருந்தால் பேட்டரித் திரி போதும், பக்தி ஒன்றும் குறைந்துவிடாது.

கதவில் மாட்டுவது வேறு வளையம். அதில் திரி கிடையாது, ஞாயிறுக் கணக்கும் கிடையாது. குளிர்காலத்திலும் வாடாத பச்சை, முடிவில்லா வாழ்வைக் குறிக்கும் வட்டம், முள்ளும் சிவப்புக் கனியுமாக ஹாலி இலை இருந்தால் முள்முடியும் இரத்தமும் என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருவிழா வரை தொங்கட்டும். மேசை வளையத்தைக் கிறிஸ்துமஸ் முடிந்ததும், இலை காய்ந்திருந்தால் அதற்கு முன்பே, எடுத்துவிடலாம்.

ஜெர்மனியில் இருப்பதால் இன்னொன்றையும் செய்து பாருங்கள். டிசம்பர் 4 புனித பார்பரா நாள். அன்று செர்ரி மரக்கிளை இரண்டை வெட்டி, அடியைச் சாய்வாகச் சீவி, ஓர் இரவு வெதுவெதுப்பான நீரில் போட்டு வையுங்கள். பிறகு ஜாடியில் நிறுத்தி, சில நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றினால் கிறிஸ்துமஸ் சமயத்தில் பூக்கும். கிளை ஏற்கெனவே பனி கண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு இரவு ஃப்ரீசரில் வைத்தெடுங்கள்.