பொது இடத்துல சிகரெட் பிடிக்க தடை போடுறது தனிமனித உரிமையைப் பறிக்கிறதா?

இல்லைங்க. எங்கப்பா 26 வருஷம் டீ மாஸ்டரா நின்னவர், அதனால இந்த விஷயத்துல என்னால நடுநிலையா பேச முடியாது.

அப்பா ஒரு பீடி கூட வாயில வச்சது கிடையாது. ஆனா ராத்திரி வந்து சட்டையைக் கழட்டி ஆணியில மாட்டுனா வீடு பூரா சிகரெட் வாடை அடிக்கும், அம்மா அந்தச் சட்டையை மட்டும் தனி வாளியில ஊறப்போடுவாங்க. இப்போ அவருக்கு 61 வயசு, மாடிப்படி ஏறுனா பாதியில நின்னு கைப்பிடியைப் புடிச்சுக்கிட்டு இளைக்கிறாரு, சிகரெட் பழக்கம் உண்டான்னு டாக்டர் கேட்டதுக்கு "எனக்கு இல்ல சார், கடைக்கு வர்றவங்களுக்கு உண்டு"ன்னாரு.

புகை பிடிக்கலேன்னா தள்ளி நிக்க வேண்டியதுதானேன்னு நிறைய பேர் கேக்குறாங்க. டீ குடிக்க வந்தவர் நாலடி தள்ளி நின்னுக்கலாம், பாய்லர் பக்கத்துல நிக்கிற மாஸ்டர் எங்கங்க போவாரு?

சட்டம் ஒண்ணும் புதுசு இல்ல. 1999லயே கேரளா ஹைகோர்ட்டு, பொது இடத்துல புகைக்கிறது அடுத்தவங்க உயிர்வாழுற உரிமையைப் பாதிக்குதுன்னு தீர்ப்பு சொல்லிருச்சு, 2001ல சுப்ரீம் கோர்ட்டும் தடை போட்டுச்சு, 2003ல சட்டம் வந்துச்சு, அன்புமணி ஹெல்த் மினிஸ்டரா இருந்தப்போ 2008 அக்டோபர் 2ல இருந்து ரூல்ஸை இறுக்கினாங்க. ஆபீஸ், ஓட்டல், கேன்டீன், பஸ் ஸ்டாண்ட் எல்லாம் அதுல வருது, அபராதம் 200 ரூபாய் வரைக்கும். சொந்த வீட்டுல பிடிக்கிறதை யாரும் தடுக்கல, அப்புறம் என்ன உரிமை போச்சு?

அந்த ரூல்ஸ்லயே இன்னொண்ணு இருக்கு, பொது இடத்துல ஆஷ்ட்ரே, தீப்பெட்டி, லைட்டர்னு புகைக்க வசதி பண்ணிக் குடுக்குற எதையும் வைக்கவே கூடாது. நம்ம ஊரு டீக்கடைல என்ன பண்றோம்? முன்னாடியெல்லாம் நுனியில கங்கோட ஒரு கயிறு தொங்கும், இப்போ அதே கம்பத்துல நூல் கட்டி லைட்டர் தொங்குது, அதுக்கு நேர் கீழ பன், பிஸ்கட் ஜாடி, ஸ்கூல் விட்டு வர்ற புள்ளைங்க கை நீட்டுற இடம்.

அப்பா வேலை பார்த்த கடை ஓனர்கிட்ட போன வருஷம் அதை அவுத்துருங்கண்ணேன்னு கேட்டேன். அவரு கோவப்படல. "தம்பி, நான் மட்டும் அவுத்தா ஏவாரம் எதிர்க்கடைக்குப் போயிரும், அவன் அவுக்கட்டும், அன்னைக்கே நானும் அவுக்குறேன்"னாரு. எதிர்க்கடைக்காரர்கிட்டயும் போய்க் கேட்டேன், அவரும் இதையேதான் சொன்னாரு. ரெண்டு பேரையும் ஒரே நாள்ல அவுக்க வைக்க நம்மளால முடியாது, அதிகாரிங்க வந்து நின்னாதான் நடக்கும்.