வாசகர் கேள்வி, ஆசிரியர் பதில்: ஒரே கடல், இரண்டு செய்திகள்

கேள்வி: இந்திய மீனவர் கைதான செய்தியை எங்கள் பத்திரிகையில் வாசித்துவிட்டுத் தமிழகத் தொலைக்காட்சியில் பார்த்தால், அது வேறொரு சம்பவம் போலத் தெரிகிறது. ஊடகக் கற்கை பயிலும் என் மகள் ‘சமாதான ஊடகவியல்’ என்று ஒன்றைச் சொல்கிறாள். அது என்ன? இதற்கு உதவுமா?
(வாசகர், பருத்தித்துறை)

பதில்: நெடுந்தீவுக்கு அப்பால் ஒரே விடியற்காலையில் நடந்த கைது, இங்கே ‘அத்துமீறிய இந்திய மீனவர் கைது’ என்றும் அங்கே ‘தமிழக மீனவர்கள் சிறைபிடிப்பு’ என்றும் தலைப்புப் பெறுகிறது. கைது என்ற சொல்லுக்குள் ஒரு சட்டமும் அதை மீறியவரும் இருக்கிறார்கள். சிறைபிடிப்பு என்ற சொல்லுக்குள் ஒரு பகைவனும் அவனிடம் அகப்பட்டவரும் இருக்கிறார்கள். முதல் வரியை வாசிக்கும் முன்பே எந்தப் பக்கம் நிற்பது என்பது வாசகருக்காகத் தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது.

உங்கள் மகள் சொல்லும் கருத்தை முன்வைத்தவர் 2024இல் காலமான நோர்வே நாட்டு அறிஞர் யொஹான் கல்டுங். போர்ச் செய்தி பெரும்பாலும் விளையாட்டுச் செய்தியைப் போல எழுதப்படுகிறது, யார் வென்றார், யார் தோற்றார் என்பதோடு அது முடிந்துவிடுகிறது என்று அவர் சுட்டிக்காட்டினார். அதற்குப் பதிலாக, நோயைப் பற்றி எழுதுகிறவர் நோயாளியின் வேதனையோடு நோயின் காரணம், சிகிச்சை, வராமல் தடுக்கும் வழி ஆகியவற்றையும் எழுதுவதைப்போல மோதலையும் எழுத வேண்டும் என்பது அவர் வாதம்.

நமது கடலுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். சில ஆண்டுகளுக்கு முன், வல்வெட்டித்துறைக் கரையில் ஒரு காலை, இரவு வலை விரித்துவிட்டுத் திரும்பிய ஒருவரின் படகை எட்டிப் பார்த்தேன். மிதவைகள் கோத்த மேற்கயிறு மட்டும் சுருண்டு கிடந்தது. அதிலிருந்து ஓரிரு முழம் கிழிந்த வலை தொங்கிக்கொண்டிருந்தது. மிகுதியை இழுவைமடி, அதாவது விசைப்படகு கடலடியில் இழுத்துச் செல்லும் பெருவலை, கொண்டுபோய்விட்டது. கடன்பட்டு வாங்கிய வலை என்று மட்டும் சொன்னார். அந்தக் கயிறு எந்தத் தமிழகத் தொலைக்காட்சியிலும் வருவதில்லை. அதேபோல, கைதாகிறவர்களுள் பெரும்பாலோர் கூலிக்கோ பங்குக்கோ றோலரில் (இழுவைப் படகில்) ஏறியவர்கள் என்பதும், படகின் சொந்தக்காரர் பெரும்பாலும் கரையிலேயே இருக்கிறார் என்பதும் எங்கள் பத்திரிகைகளில் அபூர்வமாகவே வருகின்றன.

இதன் வேர் ஆழமானது. 1974, 1976ஆம் ஆண்டு இந்திய-இலங்கை உடன்படிக்கைகளால் கடலில் எல்லைக்கோடு விழுந்தது. போர்க்காலத்தில் எங்கள் கடற்றொழிலாளருக்குக் கடல் பெரும்பாலும் மூடப்பட்டிருக்க, அக்கரையில் பெருகிய இழுவைப் படகுகள் இங்கே வந்து பழகின. 2009இல் போர் முடிந்தபின் எங்களவர் தொழிலுக்குத் திரும்பியபோதுதான் மோதல் முற்றியது. 2017இல் இலங்கை இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. ஆனால் குருநகர்ப் பக்கத்தில் உள்ளூர் இழுவைப் படகுகளும் இருக்கின்றன என்பதை நாங்கள் எழுதத் தயங்குகிறோம். தமிழகத்தின் 61 நாள் தடைக்காலம் ஜூன் 14இல் முடிந்ததும் றோலர்கள் மீண்டும் கடலில் இறங்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தும், கைது நடக்கும்வரை எந்தச் செய்தியாளரும் கரைக்குப் போவதில்லை.

நாளிதழ் ஒன்றில் உதவி ஆசிரியராக இருந்த காலத்தில் இந்திய மீனவர் கைதுச் செய்தி ஒன்றின் தலைப்பில் ‘அட்டகாசம்’ என்ற சொல்லை இட்டவன் நான். கைதானவர்களுள் ஒரு சிறுவனும் இருந்தான் என்பதை மறுநாள் நீதிமன்றச் செய்தியைத் திருத்தும்போதுதான் அறிந்தேன். அந்தச் சொல்லை அதற்குப் பின் நான் தலைப்பில் எழுதியதில்லை.

கேள்வி: இத்தனை இழப்புக்குப் பிறகு ‘சமாதானம்’ என்று சொல்லி உண்மையைப் பூசி மெழுகச் சொல்கிறீர்களா?
(வாசகர், சுன்னாகம்)

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த அதே நாள்களில் ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிந்த ஊர் இது. 2000 ஒக்டோபர் 19 இரவு செய்தியாளர் மயில்வாகனம் நிமலராஜன் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 2006 மே 2ஆம் திகதி, உலக ஊடக சுதந்திர தினத்துக்கு முந்தைய இரவு, உதயன் பத்திரிகை அலுவலகத்துக்குள் புகுந்தவர்கள் இரண்டு ஊழியர்களைக் கொன்றார்கள். இவற்றை மென்மையாக எழுதுங்கள் என்று எந்தக் கோட்பாடு சொன்னாலும் நான் அதை ஏற்கமாட்டேன்.

கல்டுங் சொன்னது அதுவல்ல. எல்லாத் தரப்பின் பொய்யையும் மறைப்பையும் வெளிக்கொணர வேண்டும் என்பது அவர் வகுத்தவற்றுள் ஒன்று. ‘எல்லாத் தரப்பு’ என்பதில் எங்கள் தரப்பும் அடங்கும் என்பதுதான் கடினம். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, யாழ் நகர முஸ்லிம்களுக்குக் கிடைத்தது ஏறத்தாழ இரண்டு மணி நேரம். எங்கள் இடப்பெயர்வை எழுதும் அதே எடையோடு அதையும் எழுதுகிறோமா என்று ஒவ்வொரு ஒக்டோபரிலும் பத்திரிகைகளைப் புரட்டிப் பார்க்கிறேன், பெரும்பாலும் ஏமாற்றமே.

செய்தியாளரின் வேலை நடந்ததைச் சொல்வது, சமாதானம் செய்விப்பது அல்ல என்று பி.பி.சி. செய்தியாளர் டேவிட் லோயின் இந்தக் கருத்தைக் கடுமையாக மறுத்தார். அந்த எச்சரிக்கையை மதிக்கிறேன். ஆயினும் நடந்ததைச் சொல்வதற்கும் யாரிடம் கேட்பது, எங்கிருந்து தொடங்குவது என்ற தெரிவுகள் தேவைப்படுகின்றன; அவற்றைத் தெரிந்தே செய்வது நல்லது என்பது என் நிலைப்பாடு.

கேள்வி: காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் போராட்டம் ஏன் ஆண்டு நிறைவுகளில் மட்டும் செய்தியாகிறது?
(மாணவி, கோப்பாய்)

பதில்: கல்டுங்கும் மாரி ரூகேயும் 1965இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு விடை இருக்கிறது. ஒரே நாளில் தொடங்கி முடியும் சம்பவம் நாளிதழின் தாளத்துக்குப் பொருந்துகிறது. நீண்டு செல்லும் துயரம் பொருந்துவதில்லை. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20இல் தாய்மார் அமர்ந்தது சம்பவம். மறுநாளும் அதே இடத்தில் அமர்ந்திருந்தது, எங்கள் கணக்கில், செய்தியல்ல.

நீங்கள் அங்கே போவதானால் ஆண்டு நிறைவைத் தவிர்த்து ஒரு சாதாரண நாளில் போங்கள். ஒரேயொரு தாயிடம், இதுவரை எத்தனை ஆணைக்குழுக்களுக்கு வாக்குமூலம் கொடுத்தார், ஒவ்வொன்றிலிருந்தும் என்ன கடிதம் வந்தது என்று கேளுங்கள். அவர் அந்தக் கடிதங்களைப் பை ஒன்றில் போட்டு வைத்திருப்பார். அவற்றைத் திகதி வரிசைப்படி அடுக்கி எழுதுங்கள். எங்களுக்கு அனுப்புங்கள், முழுமையாக வெளியிடுகிறோம்.