பழைய ஆடி ஏ4 2.0 டர்போ: கேம் ஷாப்ட் தேய்மானம் பற்றிய கேள்வி பதில்

2020இல் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது பழைய கார்களின் விலை ஏறியது. 2005 முதல் 2008 வரை வந்த ஆடி ஏ4கூட இன்றும் நல்ல விலைக்குக் கைமாறுகிறது. அதில் 2.0 டி.எஃப்.எஸ்.ஐ எஞ்சின் (பெற்றோலை நேரே சிலிண்டருக்குள் தெளிக்கும் டர்போ) இருந்தால் 200 குதிரைவலுவோடு ஒரு பலவீனமும் சேர்ந்தே வரும். இன்லெட் வால்வுகளைத் திறக்கும் சுழல்தண்டுதான் இன்லெட் கேம் ஷாப்ட். அதில் மூன்று முனையுள்ள ஒரு கேம், அதாவது சுழலும்போது தள்ளிவிடும் சில்லு, இருக்கிறது. உயரழுத்தப் பெற்றோல் பம்பை இயக்குவது அதுதான். கேமுக்கும் பம்பின் தண்டுக்கும் நடுவில் உள்ளங்கைக்குள் அடங்கும் ஓர் இரும்புக் கப். ஃபொலோவர் என்பார்கள். அது தேய்ந்து ஓட்டை விழுந்தால் பம்பும் போகும், கேம் ஷாப்டும் போகும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

கோண்டாவிலிலிருந்து: அண்ணை, என்னுடைய ஏ4இல் முந்திப்போக அக்சிலேற்றரை அமத்தினால் இழுவை இல்லை, ஈ.பி.சி லைட் (எஞ்சின் கட்டுப்பாட்டு எச்சரிக்கை விளக்கு) எரிகிறது. ஸ்கேன் பண்ணியதில் பி0087 என்று வந்தது. பெற்றோல் ஃபில்டரை மாற்றச் சொல்லினம். மாற்றவா?

ஃபில்டர் பிறகு. முதலில் பம்பைக் கழற்றுங்கள் தம்பி. பி0087 என்றால் ரெயிலில், அதாவது இன்ஜெக்டர்களுக்குப் பெற்றோல் கொடுக்கும் குழாயில், அழுத்தம் போதவில்லை என்று அர்த்தம். இந்த எஞ்சினில் அந்தக் கோட் வந்தால் முதல் சந்தேகம் ஃபொலோவர்மீதுதான் வரவேண்டும். மெதுவாக ஓடும்போது பெரிதாக ஒன்றும் தெரியாது. எஞ்சின் நிறையப் பெற்றோல் கேட்கிற நேரத்தில்தான் பம்பால் கொடுக்க முடியாமல் போகும். பார்க்கும்வரை காரை ஓட்டாதீர்கள். ஓட்டை விழுந்த கப்போடு ஓடினால் பம்பின் தண்டு நேரே கேமை அராவிக்கொண்டே இருக்கும்.

பம்ப் எஞ்சினின் பின்பக்கம், ஃபயர்வோல் பக்கமாக இருக்கிறது. கை போக இடம் குறைவு. எஞ்சின் வடிவாக ஆறிய பிறகே தொடுங்கள். பெற்றோல் பம்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் தானாக நிற்கும்வரை விட்டால் அழுத்தம் இறங்கும். அப்படியும் குழாயைத் தளர்த்தும்போது துணியைச் சுற்றிப் பிடியுங்கள், கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். பம்பைப் பிடித்திருப்பது மூன்று டொர்க்ஸ் போல்ட், ரி30 அளவு. உள்ளே ஸ்பிரிங் தள்ளிக்கொண்டிருக்கும் என்பதால் மூன்றையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும்.

கப்பை எடுத்ததும் ஒயிலைத் துடைத்து வெளிச்சத்தில் சரித்துப் பாருங்கள். புதிய கப்பின் முகம் முழுக்கக் கறுப்புப் பூச்சு இருக்கும். அது அப்படியே இருந்தால் நல்லது. நடுவில் வெள்ளி நிறத்தில் வட்டம் தெரிந்தால் பூச்சு போய்விட்டது, மாற்றுங்கள். விளிம்பிலிருந்து நடுவுக்கு நகத்தை இழுக்கும்போது பள்ளம் தட்டுப்பட்டாலோ, உலோகம் நீலம் பாய்ந்திருந்தாலோ, ஓட்டை விழ அதிக நாள் இல்லை.

அதோடு நிறுத்த வேண்டாம். பம்ப் இருந்த துளைக்குள் டோர்ச் அடித்துக்கொண்டு, கிராங்க் போல்ட்டில் ஸ்பானர் போட்டு, எஞ்சின் சுழலும் திசையிலேயே மெதுவாகச் சுற்றுங்கள். மூன்று முனையும் ஒவ்வொன்றாக வரும். பளபளப்பு மட்டும் என்றால் பயமில்லை. கோடு கிழித்திருந்தால், குழி விழுந்திருந்தால், விளிம்பு உடைந்திருந்தால் கேம் ஷாப்டை மாற்றத்தான் வேண்டும். பம்பின் தண்டு நுனியையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

சுன்னாகத்திலிருந்து: கேம் முனை தேய்ந்துவிட்டது ஐயா. வெல்டிங் வைத்து நிரப்பி லேத்தில் கடைந்து தரலாம் என்கிறார்கள். செய்யலாமா?

வேண்டாம். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள் பெற்றோல் இல்லாமல், மண்ணெண்ணெயில் மொறிஸ் மைனரையும் ஒஸ்ரினையும் ஓட வைத்த ஊர் இது. எங்கள் மெக்கானிக்குகளின் கைத்திறனில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் இங்கே வேண்டியது மேற்பரப்பின் கடினம். வெல்டிங் சூட்டில் அந்தக் கடினம் போய்விடும், கேம் ஷாப்டே வளையவும் கூடும். இதே எஞ்சினில் வால்வைத் தள்ளும் கேம்கள் உருளையின்மேல்தான் ஓடுகின்றன, அதனால் அங்கே தேய்மானம் குறைவு. இந்தக் கப்பின் முகம் தட்டை. கேம் அதன்மேல் வழுக்கி உரசுகிறது, இடையில் இருப்பது மெல்லிய ஒயில் படலம் மட்டும்தான். மென்மையான உலோகத்தை அங்கே வைத்தால் சீக்கிரமே திரும்பக் கழற்ற வேண்டிவரும். அடுத்து வந்த ஈ.ஏ.888 எஞ்சினில் கம்பனியே பம்புக்கும் உருளை வைத்த ஃபொலோவருக்கு மாறிவிட்டது.

அவரே திரும்ப: அப்படியென்றால் புதுக் கேம் ஷாப்ட் போடும்போது வேறு எதையெல்லாம் மாற்ற வேண்டும்?

ஃபொலோவரைக் கட்டாயம் மாற்றுங்கள். தேய்ந்த கேமோடு ஓடிய கப்பைப் புதுக் கேமில் வைக்கவே கூடாது. பம்பின் தண்டு நுனி அடிபட்டிருந்தால் பம்பையும் மாற்றுங்கள். பம்பை மட்டும் மாற்றிக் கணக்கை முடிக்கச் சொல்லும் கராஜுக்குச் சம்மதிக்காதீர்கள். பழைய கேமில் புதுப் பம்ப் நிலைக்காது.

வேலை பெரியது. முன்பக்க டைமிங் பெல்ட் சுற்றுவது எக்ஸோஸ்ட் கேமை. அதிலிருந்து பின்பக்கத்தில் ஒரு சின்னச் செயின் இன்லெட் கேமைச் சுற்றுகிறது. ஆகவே பெல்ட்டையும் கழற்ற வேண்டும், செயினையும் கழற்ற வேண்டும், டைமிங்கைப் பூட்டிப் பிடிக்கும் சரியான கருவியும் வேண்டும். அது இல்லாத இடத்தில் காரைக் கொடுக்காதீர்கள். இவ்வளவு திறந்த பிறகு பழைய பெல்ட்டைத் திருப்பிப் பூட்டுவதில் அர்த்தமில்லை. பெல்ட், டென்சனர், பெல்ட்டில் ஓடும் வோட்டர் பம்ப் எல்லாவற்றையும் ஒன்றாகவே மாற்றிவிடுங்கள். அரைபட்ட இரும்புத்தூள் ஒயிலோடு கலந்திருக்கும். சம்பை (எஞ்சினின் அடியில் உள்ள ஒயில் தட்டை) கழற்றி ஒயில் உறிஞ்சும் வலையைக் கழுவாமல் வேலை முடியாது.

பூட்டிய பிறகு எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, டைமிங் அடையாளங்கள் திரும்ப நேரே வருகின்றனவா என்று பாருங்கள். உடனே ஸ்டார்ட் பண்ண வேண்டாம். ஹைட்ரோலிக் லிஃப்டர்கள் அமர அரைமணி நேரம் விடுங்கள். அவசரப்பட்டால் வால்வு பிஸ்டனில் அடிபடலாம்.

மானிப்பாயிலிருந்து: என்னுடையது 1.8 டர்போ. எனக்கும் இது வருமா?

வராது. அதில் பெற்றோல் இன்லெட் குழாய்க்குள்தான் தெளிக்கப்படுகிறது. இந்தப் பம்பே இல்லை.

சாவகச்சேரியிலிருந்து: 2007 ஏ4 ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன் அண்ணை. வெளியில் புதுசு மாதிரி இருக்கிறது. என்ன கேட்டு வாங்குவது?

பம்பைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். விற்பவர் மறுத்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். மீற்றரில் குறைந்த கிலோமீற்றர் காட்டுகிறதே என்று ஏமாற வேண்டாம். ஒயில் மாற்றாமல் ஓடிய கார் சீக்கிரமே கப்பைத் தின்றுவிடும், ஒழுங்காகப் பார்த்த கார் நீண்டகாலம் தாங்கும். ஸ்டார்ட் பண்ணாமல் ஒயில் மூடியைத் திறந்து மணந்து பாருங்கள். பெற்றோல் மணம் அடித்தால் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

திருநெல்வேலியிலிருந்து: தம்பி, அண்ணா லண்டனில். நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது மட்டும் காரை எடுப்பார். மற்ற நேரம் ஷெட்டில்தான். ஓடாத காரில் தேய்மானம் இராதுதானே?

இருக்கும் அக்கா. ஓடாவிட்டாலும் ஒயில் பழசாகும். நீண்டநாள் நின்ற எஞ்சினில் கப்பின் மேலிருந்த ஒயில் வடிந்துவிடும், ஸ்டார்ட் பண்ணும் முதல் கணங்களில் காய்ந்த உலோகம் உரசும். அண்ணா வர முன்பே ஒயிலை மாற்றி வையுங்கள். கிழமைக்கொருமுறை அஞ்சு நிமிடம் ஸ்டார்ட் பண்ணி நிறுத்துவது உதவி இல்லை. சூடேறாத எஞ்சினில் பெற்றோல் ஒயிலோடு கலக்கிறது. எடுத்தால் கொடிகாமம் வரையாவது ஓட்டிவிட்டு வரச் சொல்லுங்கள். இன்னொன்று, லண்டனில் இந்தக் கப் சுலபமாகக் கிடைக்கும். 06டி 109 309 சி என்ற இலக்கத்தைச் சொல்லி, வரும்போது ஒன்று பையில் போட்டுவரச் சொல்லுங்கள்.

பருத்தித்துறையிலிருந்து: ஈ.சி.யுவை (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியை) வலு கூட ரீமேப் பண்ணி, பெரிய பம்பும் போட யோசிக்கிறேன். ஏதும் பிரச்சினையா?

பெரிய பம்ப் கிற்களில் ஸ்பிரிங் கடினமானது, கப்பின் மேல் பாரம் கூடும். சாதாரண காருக்கு 15,000 கிலோமீற்றருக்கொருமுறை கப்பைப் பார்க்கச் சொல்வேன். உங்களுடையதற்கு ஒவ்வொரு ஒயில் மாற்றத்தோடும் பாருங்கள். ஒயில் முழுச் சிந்தெற்றிக், 5டபிள்யூ-40, டப்பாவில் வி.டபிள்யூ 502.00 என்று இருக்க வேண்டும். எங்கள் ஊர்க் குறுகிய ஓட்டத்துக்கும் புழுதிக்கும் 7,500 கிலோமீற்றருக்குமேல் அதை விடாதீர்கள். 95 ஒக்டேன் அடியுங்கள். அது கப்பைக் காப்பாற்றாது, ஆனால் ரீமேப் பண்ணிய எஞ்சின் 92இல் தட்டும்.

பூட்டும்போது புதுக் கப்பை ஒயிலில் தோய்த்து வையுங்கள். கேமின் தாழ்ந்த பகுதி கப்பைப் பார்க்கும்படி எஞ்சினைச் சுற்றி நிறுத்தினால் ஸ்பிரிங் எதிர்க்காமல் பம்ப் அமரும். போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீற்றர் போதும், அது ஏறும் சிலிண்டர் ஹெட் அலுமினியம். ஸ்டார்ட் பண்ணியதும் குழாய் மூட்டுகளில் கசிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பொனற்றை மூடுங்கள்.