நோயாளியின் அருகில் அமர்ந்து கவிதை வாசிப்பதாலும் அவரைக் காதுகொடுத்துக் கேட்பதாலும் உண்மையிலேயே பயன் உண்டா?

உங்கள் வீட்டில் யாரோ படுக்கையில் இருக்கிறார்கள், நீங்கள் வாசிப்பதை யாரோ கேலி செய்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். விடாமல் வாசியுங்கள்.

என் அப்பா சுசீந்திரம் பக்கத்து ஊர்க் கொடைகளில் வில்லுப்பாட்டுக்கு இடம், அதாவது இடப்பக்கம் இருந்து பின்பாட்டு, பாடியவர். அண்ணாவி, அதாவது தலைமைப் பாடகர், பாடும் அடியின் கடைசிச் சொல்லை ஏந்திப் பாடுவதும், கதைக்கு நடுவே ‘ஆமாம்’ போடுவதும் அவர் வேலை. பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போயின. தண்ணீர் கேட்கக்கூட வாய் வரவில்லை. மருத்துவமனையில் 11 நாள். டாக்டர் என்னிடம்தான் பேசுவார். சொந்தக்காரர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்து, அப்பாவுக்குக் காதே இல்லாததுபோல் தலைமாட்டில் நின்று நிலப் பங்கு பேசினார்கள்.

இரவுப் பணிக்கு வந்த ஒரு சிஸ்டர்தான் ஸ்டூலை இழுத்துப்போட்டு அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்தார். அப்பா திணறியபோது, நான் செய்ததுபோல் வார்த்தையை எடுத்துக் கொடுக்கவில்லை, காத்திருந்தார். கட்டில் கம்பியில் அப்பாவின் இடது விரல் தாளம் போடுவதை அவர்தான் கண்டார். “அப்பா பாடுவாரா, மக்களே?” என்று என்னைக் கேட்டார். ‘தந்தனத்தோம் என்று சொல்லியே’ என்று தொடங்கினேன். ‘வில்லினில் பாட’ என்று அப்பா முடித்தார். ஒரு எழுத்துகூடக் குழறவில்லை.

இது அற்புதம் அன்று. இடப்பக்க மூளை அடிபட்டுப் பேச்சிழந்த பலருக்குப் பாட்டு மிஞ்சியிருக்கும். ராகத்தோடு சொற்களைப் பழக்கும் சிகிச்சையை 1973இலேயே அமெரிக்க மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். அதனால் புதுக்கவிதை தேடாதீர்கள். அவருக்கு மனப்பாடமானதை எடுங்கள். பள்ளியில் படித்த கவிமணி பாட்டோ கோயில் கீர்த்தனையோ, எதுவானாலும் சரி. பாதியில் நிறுத்திவிட்டுக் காத்திருங்கள்.

மாத்திரையை நிறுத்தச் சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். வாய் கோணினால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மூளை ரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கிய 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். எங்களுக்கு அது தவறிவிட்டது. டாக்டர்களையும் பழிக்கவில்லை. நோயாளி பேசத் தொடங்கிய சராசரி 18 நொடியில் டாக்டர் குறுக்கிடுகிறார் என்று 1984இல் அமெரிக்காவில் பெக்மன், ஃபிராங்கெல் என்ற ஆய்வாளர்கள் எழுதினார்கள். நம் ஊர் வரிசையில் அந்த 18 நொடியும் எங்கே கிடைக்கும்? வீட்டில் இருக்கும் நாம்தான் கேட்க வேண்டும்.

அப்பா இப்போது தண்ணீரை வில்லுப்பாட்டு மெட்டில் கேட்கிறார். அடுப்படியிலிருந்து அம்மா ‘ஆமாம்’ போடுகிறாள்.