வாங்கிய தங்கமும் அறிவித்த போரும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நாடுகளை வளர்த்து ஆளும் கணினி ஆட்டமான சிவிலைசேஷன் 5 ஆடுகிறேன். கணினி ஆளும் நாட்டிடம் மொத்தமாகத் தங்கத்தைக் கறந்துகொண்டு அதே டர்னில் (ஆடும் முறையில்) போர் அறிவித்தால், எதையும் திருப்பித் தர வேண்டியதில்லை என்கிறான் நண்பன். இது எப்படி நடக்கிறது? இப்படி ஆடலாமா?

பதில்: 2010-ல் ஆட்டம் வெளிவந்தபோது இருந்த நிலைக்கு உங்கள் நண்பர் சொல்வது அப்படியே பொருந்தும். பேரத் திரையைத் திறந்து, உங்களிடம் உபரியாக இருக்கும் பட்டு வளத்தை மேசையில் வைத்துவிட்டு, பதிலுக்கு என்ன தருவாய் என்று கேளுங்கள். சாதாரண வேகத்தில் 30 டர்னுக்கான பட்டுக்கு, உறவு நன்றாக இருந்தால் நல்ல தொகை மொத்தத் தங்கமாகக் கிடைக்கும். வாங்கிய கையோடு போர் அறிவித்தால் ஒப்பந்தங்கள் எல்லாம் ரத்து. பட்டு டர்ன் டர்னாகப் போவது, அதனால் உடனே நின்றுவிடும். தங்கம் ஒரே தடவையில் கைமாறிவிட்டது, அது உங்களிடமே தங்கும். அதே பட்டை அடுத்த நாட்டுக்கும் விற்கலாம்.

கணினி முட்டாள் என்பதால் இது நடப்பதில்லை. பேரத்தில் அது ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு மதிப்புப் போட்டு, இரண்டு பக்கமும் சரியாக வந்தால் சம்மதிக்கிறது. தராசு மாதிரிதான், எடை தெரியும், ஆள் தெரியாது. எல்லையில் உங்கள் படை குவிந்தால், ‘எங்களைத் தாக்கப் போகிறாயா?’ என்று அதே கணினி வந்து கேட்கும். ஆனால், ‘இவன் இந்த டர்னிலேயே முறித்துக்கொள்வானோ’ என்ற சந்தேகம் பேரக் கணக்கில் ஏறுவதில்லை. ஓட்டை அங்கேதான்.

2013-ல் வந்த பிரேவ் நியூ வேர்ல்டு விரிவாக்கம் இதை அடைத்தது. நட்புப் பிரகடனம் செய்துகொண்ட நாட்டோடு மட்டும்தான் மொத்தத் தங்கம் பேச முடியும், மற்றவர்கள் டர்னுக்கு இவ்வளவு என்று தருவார்கள். இப்போதும் ஏமாற்றலாம். ஆனால் நண்பனாகி முதுகில் குத்த வேண்டும், மற்ற தலைவர்களும் அதை மனத்தில் வைத்துக்கொள்வார்கள். மிக நல்ல திருத்தம் என்பேன்.

ஆடலாமா என்றால், வேண்டாம். கடினமான மேல் நிலைகளில் கணினிக்கு எக்கச்சக்கச் சலுகை இருக்கிறது, அதனால் நமக்கும் இது நியாயம்தான் என்று பலர் சொல்கிறார்கள். நான் ஏற்கவில்லை. உபரிப் பட்டை விற்பது உண்மையிலேயே யோசிக்க வேண்டிய விஷயம். வாங்குபவன் நாட்டில் மகிழ்ச்சி கூடும், அவன் வளர்வான், நாளைக்கு நம் மீதே வரலாம். பணம் வந்ததும் போர் என்று முடிவாகிவிட்டால் இதில் எதையுமே யோசிக்க வேண்டாம். ஆட்டத்தின் அருமையான பகுதியை நாமே கழற்றிப் போட்டது போலாகும்.

கேள்வி: ரோம் டோட்டல் வார் ஆட்டத்தில் ஒரே வரைபடத் தகவலை எல்லா நாடுகளுக்கும் விற்றுக் காசு பார்க்கிறேன். இதுவும் அதே தப்பா?

பதில்: இல்லை. வாங்கியவர் கையில் வரைபடம் இருக்கிறது, நீங்கள் எதையும் பிடுங்கவில்லை. அதுவும் தூதுவரை நடத்திக் கூட்டிப்போய் ஒவ்வொருவராகச் சந்திக்க வேண்டும். தாராளமாக விற்றுக்கொள்ளுங்கள், நானும் விற்கிறேன்.

கேள்வி: பழைய சிவிலைசேஷனில் காந்தி அணுகுண்டு வீசியது எண் பிழையாலா?

பதில்: ஆக்ரோஷ மதிப்பு 1-லிருந்து இரண்டு குறைந்து, பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாமல் உச்ச மதிப்பான 255 ஆகிவிட்டது என்பது பரவலான கதை. அப்படி ஒரு பிழை இருந்ததே இல்லை என்று ஆட்டத்தை உருவாக்கிய சிட் மையர் 2020-ல் எழுதிவிட்டார். ஐந்தாம் பாகத்தில் காந்தியின் அணுகுண்டு நாட்டத்தை வேண்டுமென்றே 12 என்று வைத்தார்கள். அது பிழை அல்ல.

கேள்வி: தந்திரமே கூடாது என்றால் சிவிலைசேஷன் 4-ல் திடீர்ப் போரிலிருந்து எப்படித் தப்பிப்பது?

பதில்: தந்திரம் கூடாது என்று நான் சொல்லவில்லை. எதிராளியைக் கவனித்துச் செய்வது எல்லாமே நல்ல ஆட்டம்தான். பக்கத்து நாட்டிடம் பேசும்போது, மூன்றாம் நாட்டின் மீது போருக்கு அழைக்கும் வரியைப் பாருங்கள். அது மங்கலாக இருந்தால் காரணத்தைப் படியுங்கள். ‘எங்களுக்கு இருக்கிற வேலையே போதும்’ என்ற பொருளில் பதில் வந்து, அவன் யாரோடும் போரில் இல்லை என்றால், எங்கோ படை திரட்டுகிறான் என்று அர்த்தம்.

குறி நீங்கள்தான் என்று பட்டால், அவனுக்கு உங்கள் மேல் நல்ல எண்ணம் இருக்கும்போதே உதவியாக 1 தங்கம் கேளுங்கள். கொடுத்துவிட்டால், கூடவே 10 டர்ன் சமாதான உடன்படிக்கையும் வந்துவிடும். அதற்குள் அவன் போர் அறிவிக்க முடியாது. எல்லை நகரங்களில் மதில் எழுப்பி, நீள்வில் வீரர்களை இறக்க அந்த அவகாசம் தாராளம். உடன்படிக்கை முடிகிற டர்னில் அந்த வரியை மறுபடி பார்த்துவிடுங்கள். பல சமயம் அவன் வேறு பக்கம் திரும்பியிருப்பான்.