பார்த்தும் தெரியவில்லை என்றால் கண்ணில் குறையா?

கேள்வி: இருபக்கமும் பார்த்துவிட்டுத்தான் காரை வலப்பக்கம் திருப்பினேன், எதிரே வந்த மொபெட் தெரியவே இல்லை. ஓட்டியவர் சிராய்ப்போடு தப்பினார். புளூடூத்தில் தங்கையிடம் பேசிக்கொண்டிருந்தேன். கையில் போன் இல்லை. கண் மருத்துவர் பார்வை 6/6 என்கிறார். ‘கவனப் பயிற்சி’ மையம் ஒன்று வகுப்புக்கு அழைக்கிறது. சேரலாமா? – வாசகி, திண்டுக்கல்

பதில்: சேர வேண்டாம். கண் ஒரு நேரத்தில் கூர்மையாகக் காண்பது, நீட்டிய கையின் கட்டைவிரல் நகம் மறைக்கும் அளவு இடத்தைத்தான். மற்றவற்றில் எதைக் கவனிப்பது என்பதை மனம் பெரும்பாலும் தன் எதிர்பார்ப்பை வைத்தே தீர்மானிக்கிறது. லாரியையும் பேருந்தையும் தேடுகிற மனத்துக்கு மொபெட் எளிதில் தப்பிவிடும். டேனியல் சைமன்ஸும் கிறிஸ்டோபர் சாப்ரிஸும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், பந்து கைமாறுவதை எண்ணிக்கொண்டிருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர், நடுவே கொரில்லா வேடமிட்டு நடந்து சென்றவரைக் கவனிக்கவே இல்லை.

உங்கள் நிலையில் பேச்சும் சேர்ந்துகொண்டது. கையில் பிடித்துப் பேசினாலும் பிடிக்காமல் பேசினாலும் ஓட்டுநரின் கவனம் ஏறக்குறைய ஒரே அளவில் குறைவதை, யூட்டா பல்கலைக்கழகத்தில் ஸ்ட்ரேயரும் ஜான்ஸ்டனும் 2001-இலேயே காட்டினார்கள். ஆயினும் 2019-இல் திருத்திய நம் மோட்டார் வாகனச் சட்டத்தில், ஆபத்தாக ஓட்டுவதைத் தண்டிக்கும் 184-ஆம் பிரிவு கையில் பிடிக்கும் கருவியை மட்டுமே குறிப்பிடுகிறது. தெரிந்த ஆபத்தை இப்படி விட்டுவைத்திருப்பது எனக்குக் கோபத்தையே தருகிறது.

இத்தகைய வகுப்புகளில் வரும், திரையில் புள்ளிகளைத் துரத்துவது போன்ற விளையாட்டை ஆட ஆட, அந்த விளையாட்டில் தேர்ச்சி வரும். அது சாலையிலும் கைகொடுக்கும் என்ற வாக்குறுதியை நம்பிப் பணம் கட்டாதீர்கள். முதல் வகுப்பிலும் கடைசி வகுப்பிலும் ஒரே தேர்வை வைத்து, கூடிய மதிப்பெண்ணைக் காட்டிச் சான்றிதழ் தருவது பழைய தந்திரம். மூளைப் பயிற்சி விளையாட்டு விற்ற லுமோசிட்டி, ஏமாற்று விளம்பரம் செய்ததாக எழுந்த குற்றச்சாட்டில் 2016-இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்திடம் 20 லட்சம் டாலர் செலுத்த நேர்ந்தது. மூக்குக் கண்ணாடிக் கடையிலோ ஓட்டுநர் பள்ளியிலோ யாராவது இத்தகைய வகுப்பைப் பரிந்துரைத்தால், அவருக்குக் கமிஷன் உண்டா என்று நேராகவே கேளுங்கள்.

ஒன்றை மட்டும் அலட்சியப்படுத்தாதீர்கள்: தவறவிடுவது எப்போதும் ஒரே பக்கமாக இருக்கிறதா? 6/6 என்பது நேரே உள்ள எழுத்தைப் படிக்கும் திறனை மட்டுமே சொல்லும். கிளாக்கோமா என்னும் கண்நோய் பெரும்பாலும் வலியே இல்லாமல் ஓரப் பார்வையை அரிக்கும். மூளையின் வலப்பாதியில் பக்கவாதம் தாக்கியவர்களில் சிலருக்கு இடப்பக்கம் என்ற ஒன்று இருப்பதே உறைக்காது, தட்டின் இடப்பாதியில் சோறு அப்படியே கிடக்கும். கதவு நிலையில் ஒரே தோளை இடித்துக்கொள்வது, வரியின் தொடக்கச் சொற்களை விட்டுப் படிப்பது போன்றவை இருந்தால், ஓரப் பார்வையையும் அளக்கும் பார்வைப் புலப் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். அது முடிந்தபின் தேவையானால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

அத்தகைய அறிகுறி எதுவும் இல்லையென்றால், திரும்பும் முன் காரை முழுமையாக நிறுத்துங்கள். கண் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குத் தாவும் கணத்தில் ஏறக்குறைய எதுவும் பதிவதில்லை. ஆகவே அருகில், நடுவில், தொலைவில் எனப் பார்வையை நிறுத்தி நிறுத்தி, இருசக்கர வாகனத்தையே தேடுங்கள். முன்கண்ணாடியின் ஓரத் தூண் ஒரு மொபெட்டையே மறைத்துவிடும் என்பதால், உடலை முன்னே சாய்த்தும் பாருங்கள். தங்கையிடம் வீடு வந்தபின் பேசுங்கள்.