கேமரா கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் ஜவுளிக் கடையில் நான்கு ஐ.பி. கேமராக்கள், எல்லாம் 4 மெகாபிக்சல். ரெக்கார்டரில் 1 டிபி ஹார்டு டிஸ்க். போன வாரத்துக் காட்சியைத் தேடினால் அழிந்துபோயிருக்கிறது. வீட்டிலிருந்து போனில் பார்த்தால் சுற்றிக்கொண்டே நிற்கிறது. பெரிய டிஸ்க் வாங்கத்தான் வேண்டுமா?
– வாசகர், கரூர்

பதில்: அவசரப்பட்டு வாங்காதீர்கள். முதலில் ரெக்கார்டர் மெனுவில் வீடியோ செட்டிங்ஸைத் திறந்து, மெயின் ஸ்ட்ரீமின் (முழுத் தரத்தில் வரும் காட்சி) பிட்ரேட்டை, அதாவது ஒரு நொடி வீடியோவுக்குச் செலவாகும் டேட்டா அளவைப் பாருங்கள். டிஸ்க் எத்தனை நாள் தாங்கும் என்பது அந்த எண்ணைப் பொறுத்தது, மெகாபிக்சலை அல்ல. 4096 கேபிபிஎஸ் (நொடிக்கு 4096 கிலோபிட்) என்று இருந்தால், 8 பிட் ஒரு பைட் என்பதால், நொடிக்கு சுமார் அரை மெகாபைட். ஒரு நாளில் 86,400 நொடி. ஒரு கேமராவே சுமார் 43 ஜிபி எழுதிவிடும். நான்கும் சேர்ந்தால் 173 ஜிபி. 1 டிபி டிஸ்க் ஆறு நாள்கூட வராது. நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே எழுதத் தொடங்கிவிடும்.

கேமரா, ரெக்கார்டர் இரண்டுமே எச்.265-ஐ (வீடியோவை அதிகமாகச் சுருக்கும் புதிய முறை) ஏற்கும் என்றால் அதற்கு மாற்றி, பிட்ரேட் வகையில் விபிஆர் (அசைவுக்கு ஏற்ப பிட்ரேட் கூடிக் குறையும் வகை) வைத்து, உச்ச அளவை 2048 ஆக்குங்கள். ஓயாமல் ஆள் நடமாட்டம் இருந்தாலும் பதினொன்றரை நாள் நிற்கும். கடை பூட்டிய நேரத்தில் அசைவு இல்லாததால் அதற்கு மேலும் கிடைக்கும்.

ஃப்ரேம் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை படம் என்பது, 15 போதும். அதைக் குறைத்தாலே இடம் மிச்சமாகும் என்று பலர் நம்புகிறார்கள். பிட்ரேட் மாறாமல் இருந்தால் அப்படி ஆகாது. அதே பிட்களை 25 ஃப்ரேம்களுக்குப் பதில் 15 ஃப்ரேம்கள் பங்கிட்டுக்கொள்ளும், ஒவ்வொரு படமும் தெளிவாகும். கல்லாவில் நிற்பவரின் முகம் தெரிய வேண்டிய கடைக்கு அதுதான் தேவை. ஐ-ஃப்ரேம் (மற்ற ஃப்ரேம்களைச் சாராத முழுப் படம்) இடைவெளியை 30 என்று வையுங்கள், அதாவது இரண்டு நொடிக்கு ஒன்று. அதை 100, 150 என்று விட்டால் படம் திறக்கவே பல நொடி ஆகும். நடுவில் டேட்டா தவறினால் அடுத்த ஐ-ஃப்ரேம் வரும்வரை படம் இழுபட்டே கிடக்கும்.

போனில் சுற்றுவதற்குக் காரணம் வேறு. அங்கே முக்கியம் கடை இணைப்பின் அப்லோடு வேகம். நான்கு மெயின் ஸ்ட்ரீமையும் ஒன்றாகத் திறந்தால் இப்போது 16 எம்பிபிஎஸ் கேட்கும். சப் ஸ்ட்ரீமை (அதே காட்சியின் சிறிய வடிவம்) பழைய எச்.264 முறை, 640x360, 12 ஃப்ரேம், 512 கேபிபிஎஸ் என்று அமைத்து, ஆப்பில் அதையே தேர்ந்தெடுங்கள். நான்குக்கும் 2 எம்பிபிஎஸ் போதும். பதிவு மட்டும் மெயின் ஸ்ட்ரீமில்தான் நடக்கிறதா என்று மறக்காமல் சரிபாருங்கள். சப் ஸ்ட்ரீமில் பதிந்த காட்சியைப் பெரிதாக்கினால் முகம் தேறாது.

கேள்வி: பகலில் கண்ணாடி போல இருக்கும் படம், இரவில் யாராவது நடந்தால் கட்டம் கட்டமாக உடைகிறது. கேமரா பழுதா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: பெரும்பாலும் பழுதில்லை. இருட்டில் கேமரா ஒளியைச் செயற்கையாக உயர்த்தும்போது படம் முழுக்கப் புள்ளிகள் துடிக்கும். அந்தத் துடிப்பையும் கேமரா அசைவு என்றே எடுத்துக்கொண்டு பிட்களை அதில் செலவழித்துவிடும். நடக்கும் ஆளுக்கு மிச்சமிருக்காது. உச்ச பிட்ரேட் 2048 என்று இருந்தால், அந்த ஒரு கேமராவுக்கு மட்டும் அதை 3072 ஆக்கிப் பாருங்கள். டிஎன்ஆர் (புள்ளிகளைக் குறைக்கும் வசதி) நடு அளவில் இருக்கட்டும். முழுக்க ஏற்றினால் நடப்பவர் பின்னால் நிழல் போல இழுக்கும். ஷட்டரை 1/25 நொடிக்கும் மெதுவாக விடாதீர்கள். இதையெல்லாம்விட வாசலில் ஒரு எல்இடி விளக்கு போடுவது அதிகப் பலன் தரும். லென்ஸ் முன்னால் சிலந்தி வலை இருந்தால் துடைத்துவிடுங்கள்: இரவில் அகச்சிவப்பு ஒளி பட்டு அது வெள்ளையாக மின்னும், காற்றில் ஆடும்போதெல்லாம் பிட்ரேட்டையும் தின்னும்.

கேள்வி: டியூப் லைட் எரிந்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு ஓடுகிறது.
– வாசகர், நாகர்கோவில்

பதில்: கேமரா 60 ஹெர்ட்ஸில் இருக்கிறது, நம் மின்சாரம் 50. இமேஜ் அல்லது வீடியோ பகுதியில் 50 ஹெர்ட்ஸ் என்று மாற்றுங்கள், சிலவற்றில் பால் (PAL) என்று இருக்கும். கேமரா ஒரு முறை அணைந்து வரலாம். மாற்றிய பிறகு ஃப்ரேம் ரேட்டின் உச்சம் 30-லிருந்து 25 ஆகிவிடும் என்பதால், ஸ்ட்ரீம் அமைப்பை மறுபடி திறந்து பார்த்துச் சேமியுங்கள்.